தள்ளிப்போட முடியாத ஞாயிற்றுக்கிழமை

பண்டிகைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் பிறந்தது மங்களத்துக்கு ஒருவகையில் வரம். எந்த வேலையையும் தள்ளிப்போட வருடம் முழுக்க அவளுக்குக் காரணம் கிடைத்தது. தைப்பூசம் முடியட்டும் என்பாள். அது முடிவதற்குள் சீனப் பெருநாள் வந்து நிற்கும். அப்புறம் நோன்புப் பெருநாள், அதற்கப்புறம் பள்ளி விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், பிறகு தீபாவளிப் பலகாரம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கும். "இனிமே புது வருஷத்துலதான்லா" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவாள்.

நட்சத்திரம் தொங்கவிடும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையம்மாள். இப்போது ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருவருக்கும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. முன்பு செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசைவீடுகள், ஒரே வகுப்பு, இரண்டு தலைக்கும் ஒரே பேன் சீப்பு. சாயங்காலமானால் பெரட்டுக் களத்தில், அதாவது விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் செம்மண் தரையில், சுண்ணாம்பால் கோடு போட்டுப் பூப்பந்து ஆடுவார்கள். மங்களம் கையை ஓங்கினால் எதிரே நிற்கிற பையன்கள் தலையைப் பொத்திக்கொள்வார்கள். வயசுக்கு வந்ததும் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்டம் அத்தோடு சரி.

"அந்தப் பொண்ணு மட்டும் மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தா கோப்பை நமக்குத்தான்" என்று பள்ளிக்கூட வாத்தியார் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வயது வரை ஓட்டிவிட்டாள் மங்களம். தொலைக்காட்சியில் பூப்பந்து நடந்தால் போதும், உலக வீராங்கனைகளுக்கே புத்தி சொல்லுவாள். "அங்க பாரு, காலி எடம். அடிக்க வேண்டியதுதானே?" அவள் கணவர் கார்த்திகேசு பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "நீ போயி அடிச்சுக் காட்டேன்" என்பார். "கால்வலி தீரட்டும்" என்பாள் அவள்.

"ஒரு போட்டியாச்சும் சேர்ந்து ஆடணும்டி" என்று குழந்தையம்மாள் கேட்காத வருடமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கேட்டாள், மங்களம் தொழிற்சாலை கேண்டீன் வேலையை விட்ட பிறகும் கேட்டாள். போன வருடம் மங்களம் காலுக்கு விளையாட்டுச் சப்பாத்துகூட வாங்கினாள். அது பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது.

இந்த வருடம் குழந்தையம்மாள் கேட்கவில்லை. நேரே வந்து சொன்னாள்.

"கேரனுக்கு அடுத்த மாசம் பிரசவம். ஜொகூருக்கே வந்துருங்கம்மான்னு கூப்பிடுறா. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறேன். ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்களுக்கு ஈப்போவுல இரட்டையர் போட்டி வைக்கிறாங்க. ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆட்டம், மத்தியானம் நான் கெளம்பிருவேன்."

"என்னைக் கேக்காமயா?"

"உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கிழவியாயிட்டேன்."

மங்களம் முனகிக்கொண்டே உள்ளே போனாள். ஆனாலும் சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். தாமான் குடியிருப்புப் பூங்கா மூலையில் இருந்த சிமெண்டுத் தரையில் காலை வேளைகளில் இருவரும் பழகினார்கள். காற்று பந்தை ஒரு பக்கம் இழுத்தது, மங்களத்தின் முட்டி இன்னொரு பக்கம் இழுத்தது. பழகப் பழக அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. கால்வலியும் காரணமில்லை, பண்டிகையும் காரணமில்லை. ஆடாத வரைக்கும் அவள் மாவட்ட வீராங்கனை. ஆடித் தோற்றுவிட்டால் வெறும் மங்களம். அந்தப் பயத்தைத்தான் இத்தனை வருடமும் பட்டுச் சேலைபோல மடித்து மடித்து உள்ளே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இருவர் கைத்தொலைபேசிக்கும் ஒரே செய்தி வந்தது. மழையில் மண்டபத்துக் கூரை ஒழுகித் தரை ஊறிவிட்டதாம். போட்டி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பொய் சொல்வானேன், முதலில் மங்களத்துக்கு உயிர் வந்தது. வீட்டுச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள். கேட்காமலே கிடைத்த விடுமுறையைக் கொண்டாட அடுப்பில் தேத்தண்ணியும் வைத்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குழந்தையம்மாள் பின்வாசலில் உட்கார்ந்து, போட்டிக்கென்று வாங்கிய நீலச் சட்டையை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் மடித்து, ஜொகூருக்குப் போகிற பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"செய்தி பாத்தியாடி?" என்றாள் மங்களம்.

"பாத்தேன். சரி, விடு. நமக்குக் குடுத்து வைக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் மங்களம் தாங்கியிருப்பாள். நாற்பது வருடமாக நச்சரித்தவள் "சரி, விடு" என்று சொன்னது தாங்கவில்லை. கோப்பையைச் சுவர் மேலேயே வைத்துவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படித் தள்ளிப்போட ஒரு சாக்கைத் தேடித் தேடி அல்லவா இத்தனை காலம் கழித்திருக்கிறாள்!

உள்ளே வந்தாள். போட்டி நடத்துகிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, சபார்லா. ரெண்டு வாரம்தானே?" என்று அவர் பொறுமை சொன்னார்.

"எனக்குப் பொறுமை போதும்யா, நெறையவே இருந்துட்டேன். மொத ஆட்டத்துல எங்களுக்கு எதிரா யாரு? அவங்க நம்பரைக் கொடுங்க."

எதிரே ஆட வேண்டிய ஜோடியில் ஒருவர் செமோரில் இருக்கும் வோங் என்ற சீனப் பெண்மணி. மங்களம் தன் பாசார் மலாயை எல்லாம் திரட்டி விஷயத்தைச் சொன்னாள். தோழி ஊரை விட்டுப் போகிறாள், கோப்பை வேண்டாம், நடுவர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஓர் ஆட்டம் ஆடுவீர்களா? கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலே, போலே" என்று சம்மதித்தார் வோங். "எங்க ஊரு டேவான் மண்டபத்துக்கு வா. கூரை நல்லா இருக்கு."

மங்களம் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "அந்த நீலச் சட்டையை வெளிய எடுடி."

ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு காரை ஓட்டினார். பின்னாலேயே கேரனின் கணவர் கிளென் ஓட்டிவந்த காரில் மூட்டை முடிச்சும், முன் இருக்கையில் எட்டு மாத வயிற்றோடு கேரனும். அம்மாவை அழைத்துப்போக இருவருமே முதல் நாள் வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே ஜொகூர்.

வோங்கும் அவர் நாத்தனாரும் எழுபதை நெருங்கியவர்கள். நான்கு முட்டியிலும் பட்டை, பெஞ்சில் பெரிய சூட்டுக்குடுவை நிறையச் சீனத் தேநீர். இவர்கள் உள்ளே நுழைந்ததும் இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். "என் நாத்தனார் பயப்படுறாங்க. இவ்வளவு சின்னப் பொண்ணுங்களா வருவீங்கன்னு நெனைக்கலையாம்" என்றார் வோங் மலாயில். மங்களத்தை யாரும் சின்னப் பொண்ணு என்று சொல்லி முப்பது வருடம் இருக்கும். அவளுக்கு அங்கேயே பாதிக் கால்வலி போய்விட்டது.

ஆட்டம் தொடங்கியதும் போன பாதி திரும்ப வந்தது. அந்த இரண்டு கிழவிகளும் ஓடவே இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி பந்தை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று போட்டார்கள், இவர்கள் இருவரும் கோழி விரட்டுவதுபோல் ஓடினார்கள். முதல் செட் கண்ணை மூடித் திறப்பதற்குள் போயிற்று.

குழந்தையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "ஏண்டி அடிக்க மாட்டேங்கிற? எல்லாத்தையும் தூக்கித் தூக்கிக் குடுக்கிற?"

"அடிச்சு வெளிய போயிட்டா?"

"போகட்டும். நான் போயி எடுத்துட்டு வாரேன்."

மங்களம் அவளைப் பார்த்தாள். நாற்பது வருடப் பயத்துக்கு இவ்வளவு சுலபமான மருந்தா என்று இருந்தது.

இரண்டாம் செட்டில் முதல் அடியை ஓங்கி அடித்தாள். வலையில் மாட்டிக்கொண்டது. அடுத்தது கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் இருந்த துடைப்பத்தில் விழுந்தது. குழந்தையம்மாள் சொன்னபடியே ஓடிப்போய் எடுத்து வந்தாள். வானம் இடிந்து விழவில்லை. மூன்றாவது அடி வோங்கின் காலடியில் பொட்டென்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த கார்த்திகேசு பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். அதற்கப்புறம் மங்களம் எதையும் யோசிக்கவில்லை. போனது போக, விழுந்தது விழ, அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் செட் இவர்களுக்கு வந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், உடனே ஆளுக்கொரு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போயிற்று. கேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, யாரும் கேட்காமலே புள்ளி சொல்ல ஆரம்பித்தாள். கடைசிப் பந்து மங்களத்தின் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் வந்தது. "அடிடி" என்றாள் குழந்தையம்மாள். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது.

தோற்றுவிட்டார்கள். மங்களம் கொஞ்ச நேரம் அந்தப் பந்தையே பார்த்தாள். உடம்பெல்லாம் வேர்வை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், சிரிப்புத்தான் வந்தது. இதற்குத்தானா இத்தனை பயந்தோம்? நடுத்தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வோங் தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்தார். "நாங்க ஒவ்வொரு ஞாயிறும் ஆடுறோம். நீயும் வா. நாத்தனாருக்கு முட்டி முடியல, போட்டிக்கு எனக்கு ஜோடி வேணும்."

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் மங்களம். கார்த்திகேசு குடித்த தேநீர் புரையேறி இருமினார்.

குழந்தையம்மாள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "நல்லவேளைடி. நான் போனதும் மறுபடி படுத்துருவியோன்னுதான் கவலையா இருந்திச்சு" என்றாள்.

"மம்மி, போலாம்லா. மணி ஆச்சு, ஹைவேயில ஜாம் ஆயிரும்" என்று கூப்பிட்டாள் கேரன்.

மங்களம் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். தோழியின் பையை எடுத்துக் கொடுக்கத்தான் பெஞ்சுக்கு வந்தாள். ஆனால் குழந்தையம்மாளின் ஒரு கையில் ரேக்கெட் இன்னும் இருந்தது. அவள் எதையும் நேரத்துக்கு முன்பே முடிக்கிறவள், கிறிஸ்மஸ் கேக்குக்கு இரண்டு மாதம் முன்பே பழம் ஊறப்போடுகிறவள், பேருந்து வருவதற்கு அரைமணி முன்பே போய் நிற்கிறவள். அவள் மகளைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற காரைப் பார்த்தாள், மங்களத்தைப் பார்த்தாள்.

"கேரன், நீயும் கிளெனும் போயி ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். "ஜொகூருக்குச் சாயந்திரம் போலாம்."

வலைக்கு இந்தப் பக்கம் வந்து தன் இடத்தில் நின்றாள். அந்தப் பக்கம் கிழவிகள் இருவரும் முட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தார்கள். மங்களம் பந்தை எடுத்துச் சர்வீஸ் போட்டாள்.