சத்தம் போடாத கம்ப்யூட்டர்

நான் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறவன். இருபது வருஷமாக அதே கடை, அதே மேஜை. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அக்கா புருஷனால், அதாவது என் அத்தானால், பேச முடியாது. கழுத்தில் குழாய். சளி அடைத்தால் மூச்சு முட்டும்; உடனே எடுக்காவிட்டால் நின்றேவிடும். அப்போது கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுவார். அக்கா எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து சளியை எடுத்துவிடுவாள். படுத்தே கிடக்கிற மனுஷனுக்குச் சினிமா ஒன்றுதான் ஆறுதல். பெரிய டிவியோடு சேர்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள்.

“பாட்டு, வசனமெல்லாம் ஹெட்போன்ல கேட்டுக்குவாருடா. மிஷின் மட்டும் இரையக் கூடாது. அவர் தட்டுறது எனக்குக் கேக்கணும்.”

படம் ஓட்ட, சூடாகாத சின்ன பிராசஸரே தாராளம். அதற்கு விசிறிகூட வேண்டாம். கையில் எடுத்தும் பார்த்தேன். என் அத்தானுக்குப் போய் இந்தச் சுண்டைக்காயா? மனசு கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரியதைப் போட்டேன். வேகமும் அதிகம், சூடும் அதிகம்; சூட்டைத் தணிக்க விசிறி ஓடியாக வேண்டும். கடையில் ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. எப்படிக் கேட்கும்? சுற்றிலும் பத்து மிஷின் ஓடுகிறது, வாசலில் லாரி போகிறது. இது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

மாட்டிய அன்றே அக்கா, “கொஞ்சம் இரையுதோ?” என்று இழுத்தாள்.

“ஆமா, நீதான் இன்ஜினியர்! எனக்கே பாடம் எடுக்கிறியா? இதைவிட நல்ல சாமான் எவன் வீட்லயும் கிடையாது, போ.”

அத்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். குழாய் அடைத்திருந்தது. அக்கா அடுப்படியில் இருந்திருக்கிறாள். வந்து பார்த்தபோது படம் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், “பாவி நான், காது கொடுக்காம இருந்துட்டேனே” என்று அழுதாள். மாட்டிய அன்று ‘இரையுதோ’ என்று அவள் இழுத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

கூட்டம் கலைந்ததும் அந்த அறைக்குள் போய், பாதியில் நின்ற படத்தை ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் விசிறி ஊளையிட ஆரம்பித்தது. கட்டில் கம்பியில் என் சாவியால் தட்டினேன். பலமாகவும் தட்டினேன். அக்கா வரவில்லை. அடுப்படிக்குப் போனால், பாத்திரத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

“அக்கா, தப்பு என்மேலதான். நீ சொன்னத நான் கேக்கல.” வெட்கமாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டாம் நாளே தெரியும்டா. அவர் தட்டுறது கேக்கல. உன்னைக் கூப்பிட்டு மாத்தச் சொல்றேன்னு போனை எடுத்தேன். அவர்தான் விடல. ஆசையா செஞ்சு கொடுத்திருக்கான், சொன்னா கோவிச்சுக்குவான்னு எழுதிக் காட்டினாரு. அடிக்கடி வந்து பாத்துக்கலாம்னு நானும் விட்டுட்டேன்.”