சிரம்பானுக்குப் போகும் பஸ் நிறுத்தம்

“சொந்த மோட்டார் சைக்கிள் இருக்கா?” என்று சிரம்பானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், வேலை கேட்டு வந்த பஞ்சாலை என்ற பெண்ணிடம் கேட்டார்கள். வேலைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். “இல்லை. ஆனா எங்க பஸ் ஸ்டாப்பு ஆறே முக்காலுக்கு இங்க வந்துரும்லா” என்றாள் அவள். கேட்டவர் எழுதிக்கொண்டார். வேலை கிடைத்தது.

கோலா சாவாவைத் தாண்டியிருக்கும் அந்தத் தோட்டத்தின் பஸ் நிறுத்தம் நகர ஆரம்பித்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. பஸ்ஸை நிறுத்தப்போகும் அறிவிப்பைச் சிரம்பான் பஸ் நிலையத்தில்தான் ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்க பஸ் ஏறித்தான் போக வேண்டும். ஆகவே பஸ் ஓடாத முதல் நாள் விடியலில் பதினோரு பேர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலைக்கு அனுப்பிய மங்கம்மா, ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டிய நாளின் பெரட்டுப் பழக்கத்தில், ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் “இருக்கேன்” என்றார்கள். பெரட்டு முடிந்தால் கிளம்பியாக வேண்டும். பஸ் வராததால் பஸ் நிறுத்தம் கிளம்பியது. தகரக் கூரையும் பலகையும் பதினோரு பேருமாக, நான்கு இரும்புக் கால்களையும் கோழிபோல் எடுத்துவைத்து, பனிக்குள் போனது. லோரிக்காரர்கள் ஒரு வாரம் ஹாரன் அடித்தார்கள், பிறகு வழிவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் பாதித் தூக்கத்தில் எல்லோருமாக ஒரே கனவைக் காண்பார்கள். மாலையில் திரும்பி வந்து தன் நான்கு குழிகளில் அது நின்றுகொள்ளும். ஞாயிறு விடுமுறை. மழை பெய்தால் கொஞ்சம் தாமதமாகும்.

ஏழு மணி வேலைக்கு மழையால் பஞ்சாலைக்கு இரண்டு தாமதம் விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். மறுபடி முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கு அடியில் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டும். அந்த வேலையில் மஞ்சளான நகங்கள் இப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

பஸ் ஓடாத பாதையில் பஸ் நிறுத்தம் எதற்கு என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் முடிவானது. உடைக்க வந்த லோரி மூன்று முறையும் எட்டு மணிக்கு வந்து, நான்கு குழிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் மகிந்தன் என்ற அதிகாரி உத்தரவோடு ஐந்து மணிக்கே காரில் வந்தார்.

“பஸ் ஸ்டாப் நகரக் கூடாது அம்மா. சட்டத்தில் இடமில்லை.”

“பஸ்ஸு நகரலையே சார். ஏதாச்சும் ஒண்ணு நகரணும்லா” என்றாள் மங்கம்மா. “உங்க பேரு?”

சொன்னார். கூரைக்குக் கீழே நிற்கும் யாரையும் பெரட்டில் விட்டுவிடுவது மண்டோருக்கு அழகில்லை. அவரையும் கூப்பிட்டாள். அவரும் பள்ளிக்கூட ஞாபகத்தில் “இருக்கிறேன்” என்றார். சிரம்பானில் இறங்கிய பிறகுதான் கார் தோட்டத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது. மாலையில் எல்லோரோடும் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பெரட்டு முடிந்தும் நிறுத்தம் அசையவில்லை. பெயர் சேர்ந்துவிட்ட ஓர் ஆள் வரவில்லை.

“ஒங்கள யாருக்கா அந்தாளு பேரக் கூப்பிடச் சொன்னா?” பஞ்சாலை மணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“கூப்பிட்ட பேர எப்படிடி திருப்பி வாங்குறது?”

ஐந்தே முக்கால் ஆனது. பிறகு செம்பனைகளுக்கு நடுவே கார் விளக்கு தெரிந்தது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மகிந்தன் ஓட்டமும் நடையுமாக வந்து பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, “இருக்கிறேன்” என்றார். ராத்திரி முழுக்க யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கண்கள் சிவந்திருந்தன. நிறுத்தம் அன்று தாவித் தாவிப் போனது. பஞ்சாலையின் வருகை அட்டையில் 6.59 விழுந்தது.

மகிந்தனுக்கு வீடு பாரோயில், அலுவலகம் சிரம்பானில். காரில் போனால் கால்மணி நேரம். இப்போதும் அவர் தினமும் இருட்டோடு எழுந்து, காரில் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ் நிறுத்தத்தில் ஏறித்தான் வேலைக்குப் போகிறார். உத்தரவு சட்டைப் பையிலேயே இருக்கிறது. சிரம்பான் வந்ததும் தலையில் இறங்கிய பனியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார்.