முதல் படித் தாள்

மகுடேஸ்வரி டீச்சரின் பின்னப் பாடத்துக்கு மூன்று படிகள். ஒரே பாடம்தான், ஆனால் ஐந்தாம் வகுப்பின் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் படித் தாளைக் கையால் மடித்து அரையும் காலும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதில் படம் வரைந்து எது பெரிது என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில் யோசித்துப் போடும் கணக்குகள். கருமத்தம்பட்டிப் பக்கம், விசைத்தறித் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. நான்கு மாத உழைப்பு. விஷயம் பரவி, கல்வி அதிகாரி ஒருவரும் பத்து ஆசிரியர்களும் வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மகுடேஸ்வரியைப் பயம் பிடித்துக்கொண்டது. நான்கு பிள்ளைகள் முதல் படியிலேயே இன்னும் தடுமாறினார்கள். அதிகாரி ஏதாவது கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். பள்ளி விட்டதும் அவர்களைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு மட்டும் ஊட்டுலயே இருந்துக்குங்க கண்ணு. நாளான்னிக்கு வந்தாப் போதும்."

நால்வரும் ஏன் என்று கேட்காமல் தலையாட்டினார்கள்.

மறுநாள் வகுப்பு தடங்கலில்லாமல் நடந்தது. முதல் படித் தாள்களைக் கெட்டிக்காரன் யஷ்வந்துக்கும் இன்னும் மூவருக்கும் கொடுத்திருந்தார். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது.

"மெதுவாப் படிக்கற புள்ளைங்ககூட எப்படிச் சொல்றாங்க பாருங்க" என்றார் அதிகாரி.

பதினொரு மணிக்கு, நால்வரில் ஒருத்தியான பூஜிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. தறியை நிறுத்திவிட்டு நேரே வந்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளையை இன்னைக்கு வர வேண்டாம்னு சொன்னீங்களாமா? என்ன தப்புங்க பண்ணுச்சு?"

பின்வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே. புள்ளை தப்பாப் புரிஞ்சுக்கிச்சுங்க."

அந்தப் பொய் எவ்வளவு லேசாக வாயில் வந்தது என்பதை நினைத்துப் பின்னால் அவர் கூசிப்போனார்.

அம்மா மகள் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்கவா பொய் சொன்னே?"

பூஜிதா டீச்சரைப் பார்த்தாள். அவர் உண்மையைச் சொல்வார் என்று காத்திருந்த பார்வை அது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாந்தான் தப்பாக் கேட்டுட்டனுங்க" என்றாள் பூஜிதா.

அவள் உட்கார்ந்ததும் யஷ்வந்த் எழுந்து தன் தாளை நீட்டினான். "இது பூஜிதாவோடதுங்க மிஸ்." மகுடேஸ்வரி அதை வாங்கிப் பூஜிதாவின் முன்னால் வைத்தார். மணி அடிக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை.

அதிகாரி பாராட்டிக் கைகொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மகுடேஸ்வரி தறிப்பட்டறைக்குப் பின்னாலிருந்த வரிசை வீடுகளில் பூஜிதாவின் வீட்டைத் தேடிப் போனார்.

"உங்க புள்ளை பொய் சொல்லலீங்க. நாந்தான் வர வேண்டாம்னேன். ஆபீசர் முன்னால பேரு கெட்டுப்போயிருமோன்னு பயந்துபோட்டேன்."



"ஊட்டுக்கு வந்ததும் புள்ளையை அடிச்சுப்போட்டனுங்களே" என்றார் பூஜிதாவின் அம்மா.

உள்ளே கட்டில் ஓரத்தில் பூஜிதா உட்கார்ந்திருந்தாள். மகுடேஸ்வரி அவள் முன்னால் தரையில் அமர்ந்தார். "மன்னிச்சுக்க கண்ணு." அவள் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாளைக்கு வரலாமுங்களா?"

அதில் குத்தல் இல்லை; நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மகுடேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

காலையில் அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். "அப்ப நான் பார்த்தது பாடமே இல்லீங்களா?" என்று மட்டும் அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க சார்."

அன்று நால்வரும் வந்தார்கள். அவர்களுக்கு முதல் படிக்கும் கீழே இன்னொரு படி வேண்டியிருந்தது; நான்கு மாதத்தில் அதை மகுடேஸ்வரி எழுதவே இல்லை. ஒரு சப்பாத்தியை எடுத்துக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். பூஜிதா சரிபாதியாகப் பிய்த்து நீட்டினாள். வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.