நாற்பத்து மூன்றாம் வளைவில் சொல்ல வேண்டிய பெயர்கள்

தரணிதரன் காலை ஐந்தரைக்கு எழுகிறார். பல் துலக்கி, மாமனார் காய்ச்சி வைத்துவிட்டுப் போன வெந்நீரில் குளித்து, முந்தைய நாள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து கீழே இறங்கும் முதல் பஸ்ஸில் ஏறி நாற்பத்து மூன்றாம் வளைவில் இறங்குகிறார். அங்கே கண்ணாயியின் கடையில் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ குடிக்கிறார். பிறகு சாலைக்குப் போய், நின்றுபோயிருக்கும் கார்களுக்கு அவற்றை வரைந்தவர்களின் பெயர்களைச் சொல்கிறார். பெயர்களைச் சொன்னதும் கார் நகர்கிறது. சாதாரண நாளில் பத்துப் பன்னிரண்டு கார்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்பது. மதியத்துக்கு மேல் வருகிற கார்களுக்குக் கண்ணாயி சொல்லிவிடுவார். கடைச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. தரணிதரன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்.

இது 2023 பிப்ரவரியில் தொடங்கியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் நாற்பத்து மூன்றாவதில் மேலே போகும் கார்கள் எல்லாம் நின்றன. எஞ்சின் ஓடியது, கியர் விழுந்தது, சக்கரம் சுற்றவில்லை. நான்கு பேர் சேர்ந்து வளைவுக்கு அப்பால் தள்ளிவிட்டால் அதற்குமேல் ஒழுங்காக ஓடின. இறங்குகிற கார்களுக்கு ஒன்றுமில்லை. நாமக்கல்லிலிருந்து மாணிக்கம் என்கிற மெக்கானிக் வந்து மூன்று நாள் பார்த்தார். வண்டிகளில் குறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். லாரிகள் நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் கண்ணாயிதான். "லாரிக்குப் பாடி கட்டுனவன், பெயிண்ட் அடிச்சவன், பூப் போட்டவன், அத்தன பேரும் முதுவுல எழுதியிருக்குதுங்க. இந்தக் காரு யாரு செஞ்சதுன்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று மாணிக்கத்திடம் கேட்டார். பைக்குகள் ஏன் நிற்கவில்லை என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்போது தரணிதரன் மாமனார் அர்த்தனாரியின் வீட்டில் இருந்தார். மனைவி பூங்குழலியின் கருமாதிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அதற்கு முன் ஏழு வருடம் சென்னையில் ஒரு கார் மாத இதழில் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாயி சொன்னது காதில் விழுந்ததும் வளைவுக்குப் போய், நின்றிருந்த ஒரு சிவப்புக் காரிடம், கம்பெனியின் பத்திரிகைக் குறிப்பில் இருக்கும் வடிவமைப்புத் தலைவரின் பெயரைச் சொன்னார். கார் அசையவில்லை. புனேயில் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்து, வெளித்தோற்றத்தை வரைந்தவர் யார், விளக்குகளை வரைந்தவர் யார், இருக்கைகளுக்குத் துணி தேர்ந்தெடுத்தவர் யார் என்று விசாரித்துச் சொன்னார். கார் போய்விட்டது. அதன்பின் ஒவ்வொரு மாடலுக்கும் இப்படியே விசாரித்தார். ஒரு காருக்கு நான்கு பெயர் தேவைப்பட்டது, இன்னொன்றுக்கு ஒன்பது. ஒன்று விட்டாலும் கார் நின்றுவிடும். ஓய்வுபெற்ற வடிவமைப்பாளர் ஒருவர், காரின் பக்கத்தில் போனைப் பிடித்துத் தன் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னதைக் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். ஒரு வருடத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் 'ஒலி எழுப்பவும்' பலகைக்குக் கீழே 'பெயர் சொல்லிச் செல்லவும்' என்று இன்னொரு பலகை வைத்தார்கள்.

சால்வா என்கிற கார் மட்டும் சிக்கலாக இருந்தது. அது பூங்குழலி வரைந்த கார். வாழவந்தி நாட்டு மிளகு விவசாயியின் மகள், வடிவமைப்புப் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் அதை வரைந்தார். கார் வெளிவந்தபோது விமர்சனம் எழுதியவர் தரணிதரன். பத்திரிகைக் குறிப்பில் வடிவமைப்புத் தலைவரின் பெயரும் புகைப்படமும் இருந்தன. குறிப்பில் இருக்கும் பெயரைத்தான் போடுவது என்பது அந்த இதழின் வழக்கம், எல்லா இதழ்களின் வழக்கமும் அதுதான். மனைவியின் பெயரைப் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றும் அவர் நினைத்தார். 'தலைவரின் கைவண்ணம்' என்று எழுதினார். பூங்குழலி அதைப் படித்துவிட்டுத் துணி மடித்தார். ஒன்றரை வருடம் கழித்து, முப்பத்தொரு வயதில், டெங்குவில் ஐந்தே நாளில் இறந்தார்.

திருத்தம் வெளியிடும்படி தரணிதரன் இதழுக்கு ஒன்பது கடிதம் எழுதினார். ஆசிரியர் கார்த்தி கம்பெனியின் கடிதம் கேட்டார். கம்பெனி, வடிவமைப்பு என்பது கூட்டு முயற்சி, தனிநபர் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை என்று பதில் போட்டது. கடிதத்தின் கீழே தலைவர் கையெழுத்து போட்டிருந்தார். அர்த்தனாரி மாதம் ஒரு தடவை கேட்பார். "ஏனுங்க மாப்ள, அந்தப் புள்ள பேரு பொஸ்தகத்துல வருமுங்களா?" வருமுங்க மாமா என்று தரணிதரன் சொல்வார். இதற்கிடையே எந்த சால்வா வந்தாலும் பூங்குழலி என்றதும் இருபது அடி போய் நின்றுவிடும். நான்கு பேர் தள்ளி அனுப்புவார்கள். மேடு அதிகம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தரணிதரனும் அப்படியே விட்டுவிட்டார்.

சென்ற ஆவணியில் கார்த்தி தானே ஒரு சால்வாவை ஓட்டிக்கொண்டு வந்தார். கண் முன்னால் கார் நகர்ந்தால் திருத்தம் போடுகிறேன், நகராவிட்டால் இனிக் கடிதம் எழுதக் கூடாது என்பது பேச்சு. தரணிதரன் பானெட்டில் கை வைத்துப் பெயரைச் சொன்னார். கார் இருபது அடி போய் நின்றது. பழக்கத்தில் நான்கு பேர் தள்ள வந்தார்கள். கார்த்தி இறங்கி அவர்களைத் தடுத்தார்.

"தள்ளாதீங்க. தள்ளினா கல்லும்தான் நகரும்" என்றவர் தரணிதரன் பக்கம் திரும்பினார். "இருபது அடி வந்திருக்கு தரணி. இதை வச்சு நான் என்ன போடறது? அவங்க இருபது அடி வரைஞ்சாங்கன்னா?"

தரணிதரன் மறுபடி சொன்னார். கார் அசையவில்லை. பின்னால் ஆறு கார்கள் சேர்ந்து, கடைசிக் காரில் ஒரு குழந்தை அழுதது.

கண்ணாயி டம்ளர் கழுவிக்கொண்டே பேசினார். "சாமி, நானும் ரெண்டரை வருசமாப் பாக்கறனுங்க. ஊரான் காருக்கெல்லாம் நாலு பேரு, அஞ்சு பேருன்னு போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் சொல்றீங்க. இந்த வண்டிக்கு மட்டும் ஒத்தப் பேரு. பொண்டாட்டி வண்டின்னா அந்தப் புள்ள ஒருத்தியே செஞ்சதாயிருமுங்களா?"

தரணிதரன் காரின் பின்பக்கம் போய் நின்றார். பிறகு, "ராசப்பன்" என்றார். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாததால் கார் தானாக வளைவைத் திரும்பி, நாற்பத்து நான்காம் பலகைக்குப் பக்கத்தில் போய் ஓரமாக நின்றது. கார்த்தி நடந்து போய் ஏறிக்கொண்டார்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது. இரண்டு பெயர்களும் இருந்தன. இப்போது சால்வாக்கள் மற்றக் கார்களைப் போலவே போகின்றன, யாரும் நின்று பார்ப்பதில்லை. அர்த்தனாரி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பூங்குழலி தன் பேரையே சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அவரும் அதை நம்பியிருந்தார். "ராசப்பன்னா யாருங்க மாப்ள?" என்று கேட்டார்.

காரை முழு அளவில் களிமண்ணில் செய்து, தேய்த்துத் தேய்த்து உருவம் கொண்டுவருகிறவர் என்று தரணிதரன் சொன்னார். பிறகு, யாரிடமும் சொல்லாத மீதியையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலை, நர்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது, இந்தக் கார் முழுக்க நீ செய்தது என்று எழுதுகிறேன் என அவர் பூங்குழலியிடம் சொன்னார். பூங்குழலி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"முழுசும் நானில்லீங்க. பின்பக்கம் நான் வரைஞ்சது சரியா வரலை, ராசப்பண்ணன்தான் மண்ணுல சரி பண்ணுனாரு. அவரு பேர விட்டுறாதீங்க."