இரண்டு மணிப் பொத்தான்

"சொன்னா கோவிச்சுக்காதீங்கக்கா. இதை ரிப்பேர் பண்ற காசுக்கு நாலு புதுசு வாங்கி, அப்பாவுக்குக் கைக்கு ரெண்டா கட்டி விடலாம்" என்றார் கடிகாரக்காரர்.

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். வலப்பக்கத்தில், கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டாம் என்பதற்கு ஏழு காரணங்கள் இருந்தன. மலிவான சாவிக் கடிகாரம், உதிரி பாகம் கிடைக்காது, இன்னும் ஐந்து. இடப்பக்கத்தில், சரிசெய்ய வேண்டும் என்பதற்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு மணி மருந்து.

லேத் பட்டறையில் நாற்பது வருஷம் உழைத்த அப்பாவுக்குக் காது பாதி போய்விட்டது. இப்போது கண்ணும் மங்கல். மிச்சம் இருக்கிற பார்வையைக் காக்க ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. காலையும் இரவும் அவள் கூட இருப்பாள். மதியம் இரண்டு மணிக்கு அவரே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டதும் ஒரு டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து இன்னொரு டப்பாவில் போடுவார். அது அவள் செய்து வைத்த ஏற்பாடு. கடிகாரம் நிற்கும்வரை ஒரு நாள்கூடப் பொத்தான் தவறியதில்லை. நின்ற பிறகு நாலு நாளில் மூன்று நாள் தவறிவிட்டது. போன் அடித்தால் அவர் காதில் விழாது. அண்ணன் அனுப்பிய பேசும் கடிகாரத்தை, "கொசு கணக்குச் சொல்ற மாதிரி இருக்கு" என்று மேஜைக்குள் போட்டுவிட்டார்.

"மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். அப்புறமும் மருந்து தவறினா, வண்டியை எடுத்துட்டு வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவன் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அங்க போனா நான் ஒரு பார்சல்மா. வெச்ச இடத்துல இருக்க வேண்டியதுதான்."

கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பும்போது, "ஓடினா போதும்" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அது போதவில்லை. கண்ணாடி இல்லை, நிமிஷ முள் வளைந்திருந்தது, எண்களெல்லாம் தேய்ந்து போயிருந்தன. "எலி நக்கின மாதிரி இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

"எல்லாத்தையும் புதுசா மாத்துங்க. எதையும் விடாதீங்க."

"மாப்பிள்ளை மாதிரி ஆக்கித் தரேன்."

ஐந்து நாளில் கடிகாரம் பளபளவென்று வந்தது. அப்பா கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார், கொஞ்சம் அவசரமாக.

மறுநாள் மாலை பொத்தான் பழைய டப்பாவிலேயே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

"கடிகாரம்தான் ஓடுதே! அப்புறம் என்னப்பா?" என்று கத்தினாள். அந்த வீட்டில் பாசமானாலும் கோபமானாலும் ஒரே சத்தம்தான்.

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

அவர் கட்டைவிரல் கண்ணாடிமேல் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழைய கண்ணாடி எப்படிப்பா உடைஞ்சது?"

"உடையல. பிளேடால நெம்பி எடுத்தேன். ஒண்ணரை வருஷம் ஆச்சு."

"முள்ளைத் தொட்டுத்தான் மணி பாத்தீங்களா?"

"முடியளவு வித்தியாசத்தை விரல்ல சொன்னவன்டி நான். முள்ளு எம்மாத்திரம்?"

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா முள்ளுகூடத் தெரியலன்னு ஆயிடும். உங்கண்ணன் வண்டியோட வந்து நிப்பான். நீ வேற அலைஞ்சு திரிஞ்சு ஆசையா கொண்டாந்த. அந்த முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

"குரல் கேட்டுதே. தெருவுக்கே கேட்டுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏழு காரணங்கள் எழுதியவள், கையில் கட்டுகிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நோட்டை மூடினாள். இதற்கு இரண்டு பக்கம் தேவையில்லை.

மறுநாள் கடையில், "கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள்.

"மாட்டச் சொன்னதும் நீங்கதானேக்கா?"

"ஆமா. என் தப்பு." விஷயத்தைச் சொன்னாள்.

"தூசி உள்ள போகும். மூணு மாசத்துக்கு ஒருக்கா நின்னுடும்."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா வரேன்."

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ இந்த மெல்லிசு முள்ளு தாங்காது. தடியா போடறேன். பன்னெண்டு, மூணு, ஆறு, ஒன்பது, நாலு இடத்துலயும் ஒரு சொட்டுப் பிசின் வைக்கறேன். மேடா இருக்கும்."

தைரியம் ஆறிப்போவதற்குள், கடை வாசலிலிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்கு முள் தெரியற அளவுக்குக் கண்ணு இல்ல. ஆனா மருந்தை நேரத்துக்குப் போட்டுக்குவார். ரெண்டுமே உண்மை. மாசக் கடைசிவரைக்கும் பாக்கறேன்னு சொன்னல்ல? நேர்ல வந்து பாரு."

மாசக் கடைசி ஞாயிறன்று அண்ணன் வந்தான். சாப்பிட்டுவிட்டு, தன் கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் அவருக்கு மணி சொல்லவில்லை. அப்பாவின் கட்டைவிரல் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றியது. எழுந்தார், அண்ணாந்து சொட்டு விட்டார். பொத்தான் அடுத்த டப்பாவில் 'டக்'கென்று விழுந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குப்பா" என்றான் அண்ணன்.

"உன்னோடது ஸ்லோ." அப்பா மகள் பக்கம் திரும்பினார். "அந்த ஆள்கிட்டச் சொல்லு, ஒன்பதாம் புள்ளி ஒரு முடி தள்ளி இருக்குன்னு."

"நான் சொன்னா நம்ப மாட்டார்ப்பா. நீங்களே சொல்லுங்க."

அண்ணன் டப்பாவில் விழுந்த பொத்தானைப் பார்த்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்தான்.

"நாளைக்குக் காலையில கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று அப்பாவின் காதருகே குனிந்து கேட்டான். "கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, திரும்ப இங்கயே கொண்டாந்து விடறேன்."