மேனேஜர் ஒரு சுற்று சுற்றி வர ஆகும் நேரம்

எங்கள் தெரு லிப்ட் மெக்கானிக் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தை மதிலோரமாக ஒரு சுற்று சுற்றி வர மேனேஜர் என்ற நாய்க்கு ஜனவரியில் நாற்பது நொடி ஆனது, ஏப்ரலில் நாற்பது நிமிடம் ஆனது, ஆகஸ்டில் ஐந்து நாள் ஆனது. நாய் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. தோட்டமும் பெரிதாகவில்லை. நில அளவைக்காரர் இரண்டு முறை வந்து நாடா பிடித்துப் பார்த்துவிட்டு, அகலம் இருபத்தெட்டு அடி, நீளம் நாற்பத்திரண்டு அடி, பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னமும் மெக்கானிக் வீட்டுப் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்கின் மனைவி பார்சல் ஆபீசில் பன்னிரண்டு வருடம் பெட்டிகளைப் பிரித்து அடுக்கியவள். எந்தப் பெட்டியையும் கையில் தூக்கியதுமே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள், தராசு பிறகுதான் ஒப்புக்கொள்ளும். ஒரு நாள் அப்படித் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகில் ஆபரேஷன் ஆனது. குனியக் கூடாது, தூக்கக் கூடாது, ஆனால் தினமும் இருபது நிமிடம் கட்டாயம் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதுவரை பின்பக்கத் தோட்டம் அவள் பொறுப்பில் இருந்தது. புல் வெட்டுவது, களை பிடுங்குவது, இரண்டு நாய்களும் தோண்டிய குழிகளை மூடுவது, அவை மூத்திரம் பெய்து மஞ்சளாக்கிய வட்டங்களில் புதுப்புல் பதிப்பது எல்லாமே குனிந்து செய்கிற வேலை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே மாதத்தில் தோட்டம் பார்க்கச் சகிக்காமல் ஆகிவிட்டது. அவளுடைய தங்கை வந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்க அக்காவைப் பாப்பீங்களா, இதுங்களைப் பாப்பீங்களா? பேசாம எங்கயாவது குடுத்துடுங்க" என்றாள். மெக்கானிக் அதிகம் வாய் திறக்கிறவர் இல்லை. "நாயும் இருக்கும், தோட்டமும் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். மறுவாரமே தோட்டம் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்த ஓர் அம்மாளைக் கூட்டி வந்தார்.

தோட்டக்காரம்மா முதலில் செடிகளைப் பார்க்கவில்லை, நாய்களைத்தான் அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பழுப்பு நிறம், ஒல்லி. ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க எல்லா மூலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். மூட்டை என்கிற கறுப்பு நாய் போட்ட இடத்தில் கிடக்கும். அதற்குப் பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை. பார்த்து முடித்ததும் தோட்டக்காரம்மா புல்லை வேரோடு எடுக்கச் சொன்னார். அங்கே பாதத்தைக் குத்தாத கூழாங்கல் பரப்பினார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் தொட்டி கட்டி, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத முரட்டுச் செடிகளாக வைத்தார். கடித்தால் விஷம் என்று அரளியைப் பிடுங்கி எறிந்தார். தோண்டுகிற ஆசைக்கு ஒரு மூலையில் மணல் கொட்டினார். ஆனால் மதிலோரமாக மேனேஜர் ஓடி ஓடி இறுகிப்போயிருந்த ஒன்றரை அடி அகலக் கட்டாந்தரையை அவர் தொடவே இல்லை. "இதை மட்டும் மறிச்சுடாதீங்க. மறிச்சா செடியெல்லாம் மிதிச்சு வேற வழி போட்டுக்கும். மத்தபடி இந்தத் தோட்டத்துக்குள்ள நீங்க யாரும் காலே வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே அதற்குள் யாரும் கால் வைக்கவில்லை. கால் வைக்க ஆள் இல்லாத இடம் உள்ளுக்குள் நீண்டுகொண்டே போகும் என்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

நேரம் கூடுவதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவிதான். பின்வாசலில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. மேனேஜர் இடது மூலையில் செடி மறைவில் நுழைவதையும் வலது மூலையில் வெளிப்படுவதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துக் காலண்டரில் குறித்தாள். நாலு நிமிடம் ஆனபோது கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள், நாற்பது நிமிடம் ஆனபோது கணவரைக் கூப்பிட்டாள். மெக்கானிக் மதிலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எலி நுழைகிற ஓட்டைகூட இல்லை. அவரே அந்தப் பாதையில் நடந்தார். எல்லோரையும் போல ஒரு நிமிடத்துக்குள் சுற்றி வந்து நின்றார். நாயின் கழுத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சேர்ந்தார்கள். விட்டால்தான் அது போனது. கால்நடை டாக்டர் பரிசோதித்து, நாய் நல்ல ஆரோக்கியம், நகம் மட்டும் நெடுந்தூரம் நடந்த நாய்க்குத் தேய்வதுபோல் தேய்ந்திருக்கிறது என்றார். தெருவில் எல்லோரும் ஒரு வாரம் வந்து வேடிக்கை பார்த்தோம். ஐந்து நாள் கழித்து வருகிற நாயை யார் நின்று பார்த்துக்கொண்டிருப்பது? போட்டது போட்டபடி கிடந்த வேலைகளுக்குத் திரும்பிவிட்டோம். அந்த வீட்டில் தவறாமல் பார்த்தது மூட்டைதான். மேனேஜர் வருவதற்கு அரை நாள் முன்பே வலது மூலையைப் பார்த்து வாலைத் தரையில் அடிக்கத் தொடங்கிவிடும்.

வெயில் காலத்தில் மேனேஜர் நனைந்து வந்தது. இங்கே முளைக்காத ஏதோ முள்ளை ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதெல்லாம் பரவாயில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் சோப்பு வாசனையோடு வந்தது. யாரோ குளிப்பாட்டி, காதுக்குள் துடைத்து, வயிறு நிறையச் சோறும் போட்டு அனுப்பியிருந்தார்கள். மனைவி அதன் கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டாள். "குனிஞ்சு குளிப்பாட்ட முடியலன்னுதானே வேற இடம் பாத்துக்கிட்டான்" என்றாள். அது பொறாமையேதான், அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். அதிலிருந்து அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தான் இல்லாத நேரத்தில் அது வந்துவிட்டால், வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். தட்டு அங்கேயே போனது, ஆறிப்போய் அங்கிருந்தே திரும்பி வந்தது. இருபது நிமிட நடை நின்றது. செப்டம்பரில் அவள் கால்கள் குச்சியாகிவிட்டன. கழிவறைக்குப் போக மெக்கானிக்கின் தோள் தேவைப்பட்டது. இப்படியே விட்டால் ஆயுசுக்கும் நடக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோனது. நாய் போவதால்தானே இவள் காத்திருக்கிறாள், போகாமல் செய்துவிட்டால் எழுந்திருப்பாள் என்று அவர் கணக்குப் போட்டார். மனைவிமேல் உள்ள பிரியத்தில் போட்ட கணக்கு அது, அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மேனேஜர் திரும்பி வந்த ஒரு வியாழக்கிழமை, தங்கை வந்து அக்காவை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போனாள். மெக்கானிக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார். மதிலோரப் பாதை முழுக்கச் சிமெண்ட் குழைத்துக் கல் பதிக்க வேண்டும், இடைவெளியே இருக்கக் கூடாது, இரண்டு மூலையிலும் குறுக்கே சுவர் எழுப்ப வேண்டும். கல் வண்டிக்கு முன்கேட்டைத் திறந்துவிட அவர் போன நேரத்தில், கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்த மேனேஜர் எழுந்து, சோம்பல் முறித்து, வழக்கம்போல் ஒரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டது. கட்டிலடியில் ஏதோ கிடப்பது தெரிந்தது, நாய்தான் என்று அவர் இருந்துவிட்டார். கிடந்தது பழைய கம்பளி. கூண்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் லிப்டின் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அதில் தவறியதில்லை. அன்று வீட்டில் தவறினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. கொத்தனார் கை கழுவிக்கொண்டு, இனி நூறு வருடத்துக்கு இதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்.

மனைவி திரும்பி வந்து கல்லைப் பார்த்தாள். பிறகு மேனேஜர் எங்கே என்று கேட்டாள். மெக்கானிக் கட்டிலடியில் குனிந்து கம்பளியை வெளியே இழுத்தார். அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் மூட்டை எழுந்து போய், வலது மூலையில் எழுப்பிய புதுச் சுவருக்கு முன்னால் படுத்து வாலை அடிக்கத் தொடங்கியது. அரை நாள் ஆயிற்று, ஒரு நாள் ஆயிற்று, வால் நிற்கவில்லை. "வந்துட்டான்" என்றாள் மனைவி. "வந்து நிக்கிறான். உள்ள வர வழியில்ல." அவர்கள் வீட்டில் ஆறு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

மெக்கானிக் கடப்பாரையை எடுத்தார். சிமெண்ட் நன்றாக இறுகியிருந்ததால் எல்லாவற்றையும் பெயர்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது, உள்ளங்கைத் தோலும் கூடவே பெயர்ந்தது. கல்லுக்கு அடியில் வெறும் மண்தான் இருந்தது. மேனேஜர் வரவில்லை. தோட்டக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "பாதையைக் கொத்திக் கலைச்சுட்டீங்களே. இது நான் போட்டது இல்ல, நடந்து நடந்து ஆனது. மறுபடி யாராவது நடந்தாத்தான் ஆகும்" என்றார். மெக்கானிக் மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு நடந்தார். அவர் காலுக்கு மண் புழுதியாகத்தான் எழும்பியது, இறுகவில்லை. நான்காம் நாள் காலையில் மனைவி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். ஒரு கை மதில்மேல், ஒரு கை அவர் தோள்மேல். முதல் நாள் ஒரே ஒரு சுற்று, அதற்கே வேர்த்து நனைந்துவிட்டாள். ஒரு வாரத்தில் தோள் வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரத்தில் மதிலும் வேண்டியிருக்கவில்லை. அவள் கால் பட்ட இடமெல்லாம் மண் படிந்தது. அதற்குள் ஒரு மாலை மூட்டையின் வால் நின்றுபோனது. மெக்கானிக் மூட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "செத்திருக்க மாட்டான்" என்று அவளே சொன்னாள். "காத்திருந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான். சோப்பு போட்டவங்க வீட்டுக்கு."

அதற்குப் பிறகு அவளுக்குச் சுற்றி வர ஆகும் நேரம் கூடத் தொடங்கியது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தவர் மெக்கானிக். ஒன்றரை நிமிடம், ஆறு நிமிடம், அரை மணி. டாக்டர் சொன்ன இருபது நிமிடத்தை அவள் தாண்டியபோது அவர் சந்தோஷப்பட வேண்டியவர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்தான் இல்லையே தவிர, மனம் முழுக்க அந்த ஒரு சொல்தான் இருந்தது. நவம்பரில் ஒரு புதன்கிழமை அவள் ஒரு பையில் இரண்டு புடவை, முதுகு மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்து வைத்தாள். அவர் பையை வாங்கி எடை பார்த்து, மாத்திரையை மட்டும் விட்டு மற்றதில் பாதியைக் குறைத்தார். அவள் இடது மூலையில் செடி மறைவில் நுழைந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார், நாற்பது நொடியில் தனியாக வலது மூலைக்கு வந்து சேர்ந்தார்.

பத்தொன்பது நாள் கழித்து அவள் வந்தாள், மேனேஜரும் வந்தது. வெயிலில் கறுத்திருந்தாள், நேராக நடந்தாள், அவள் தலைமுடியிலும் அதே சோப்பு வாசனை அடித்தது. மெக்கானிக் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கண் முன்னாலேயே தேம்பி அழுதார். இரண்டு தட்டு சோறு சாப்பிட்ட பிறகுதான் அவள் பேசினாள். அங்கேயும் ஒரு பின்வாசல் இருக்கிறது, ஒரு தோட்டம் இருக்கிறது, முட்டி தேய்ந்த ஓர் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேனேஜர் இங்கிருந்து அங்கே போவது அவருக்கு அது வீடு திரும்பி வருவதுதான். அது கிளம்பிப் போகிற ஒவ்வொரு முறையும் அவர் அழுகிறார். அங்கே அதற்கு வேறு பெயர். "எந்தப் பேருக்கும் வாலாட்டறான், வெக்கம் கெட்டவன்" என்றாள். ஆகவே போக வேண்டும், அது போகும்போது தானும் போக வேண்டும், அந்த அம்மாவையும் கைபிடித்து நடக்க வைக்க வேண்டும் என்றாள். கடைசியாக, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க வீட்டுக்காரரும் கல் இறக்கி வெச்சிருக்காரு. மதிலோரமா அடுக்கியாச்சு. வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நல்ல மனுஷன்தான். பொண்டாட்டி உக்காந்தே கெடக்கறாளேன்னு அவருக்குக் கவலை."

அவளைத் தடுக்கலாம் என்று எங்களில் சிலர் மெக்கானிக்கிடம் சொன்னோம். எப்படித் தடுப்பது, கல்லைப் போட்டா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். கடிதம் எழுதிப் பழக்கமில்லாத கை, எழுத்து கோணலாக இருந்தது. "ஐயாவுக்கு. கல் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன். இப்போது வழியில் என் மனைவியும் இருப்பாள்." அதை மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேனேஜரின் கழுத்துப் பட்டையில் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மனைவியும் மேனேஜரும் போன பிறகு கூழாங்கல்மேல் விழுந்திருந்த சருகுகளைக் கூட்டி அள்ளினார். அது பத்து நிமிட வேலை, தோட்டக்காரம்மா அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருந்தார்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. கடிதத்துக்குப் பதில் வந்ததில்லை. வழி இதுவரை அடைபடவும் இல்லை. அவள் போகிறாள், வருகிறாள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நாள் கூடுகிறது, போன தடவை முப்பத்தேழு நாள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பழகவில்லை என்று அவரே சொல்கிறார். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, உங்க வீட்டம்மாவைக் காணோமே என்று விசாரித்தால், "தோட்டத்துல இருக்கா, வர ஒரு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்.