பஸ் கூரையில் தாய்மாமன் சேலை

"ஒட்டிப் போ தாயி, ஒட்டிப் போ! அந்தா... ஆடுது பாரு!"

ஆவுடையப்பன் டாக்சியின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தார். முன்னால் பழனி பஸ். அதன் கூரையில், கயிறு நெகிழ்ந்த ஒரு துணிப் பொட்டணம் குடிகாரன் மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தது.

உள்ளே இருப்பது சின்னாளப்பட்டித் தறியில் சொல்லி நெய்த சேலை. பழனியில் பத்தரைக்கு அவருடைய அக்கா மகளுக்கு முகூர்த்தம். தாய்மாமன் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணமேடை ஏறவேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு டீக்காக இறங்கினார். டீ ஆறுவதற்குள் பஸ் போய்விட்டது.

அவசரத்துக்குக் கிடைத்தது இந்த அம்பாசடர்தான். ஓட்டுவது ஒரு பெண். சூர்யகலா.

அவள் ஹாரனை அமுக்கினாள். பஸ் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். பஸ் இன்னும் வேகமெடுத்தது!

"செவிட்டுப் பய! நீ பக்கத்துல போ, நான் கத்துறேன்."

"வேணாம்ணே. பொட்டணம் எப்ப விழும்னு தெரியல. ஒட்டிப் போனா நம்ம டயருக்கு அடியிலதான் விழும்."

"அப்ப ஏறி முந்து!"

"எதிர்ல வர்ற லாரி உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

தக்காளி லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"பஸ் அந்தப் புளியமரத்தைத் தாண்டுது பாருங்க. நிதானமா ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணின பெறகுதான் நாம அந்த மரத்துக்கு வரணும். முந்தி வந்துட்டா ஒட்டிட்டோம்னு அர்த்தம்."

"அங்க தாலி கட்டப் போறான், இவ மரத்தை எண்ணுறா!"

அதற்குள் ஒரு மெட்டடார் வேன் சர்ரென்று இடையில் நுழைந்தது.

"பாத்தியா? சந்து விட்டா எவன் வேணும்னாலும் நுழைவான்!"

சூர்யகலா ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாள். வேனுக்குப் பின்னாலும் அதே மூன்று எண்ணிக்கை. செத்த நேரத்தில் வேன் பஸ்ஸையும் முந்திக்கொண்டு மறைந்தது.

"போகட்டும்ணே. அவனுக்கு அவசரம்."

"எனக்கும் அவசரம்தான் தாயி!"

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ரோட்டில் பெரிய பள்ளம். பஸ் குலுங்கியது. பொட்டணம் எகிறியது.

ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கிறீச்!

கார் நின்றது. மெல்லக் கண்ணைத் திறந்தார். பம்பருக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில், புழுதியில் கிடந்தது பொட்டணம். பாய்ந்து எடுத்துப் பிரித்தார். அரக்குச் சேலை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"தாயி! பழனி வரைக்கும் ஒரு மரம் விடாம எண்ணு, நான் வாயே திறக்க மாட்டேன்!"

பொட்டணம் விழுந்ததைப் பார்த்த கண்டக்டரின் விசிலுக்கு பஸ் தூரத்தில் நின்றது. காக்கிச் சட்டை டிரைவர் குதித்து இறங்கி விறுவிறுவென்று வந்தார். ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழிமறித்தார்.

"யோவ்! இம்புட்டு ஹாரன் அடிச்சும் நிக்காம ஏன்யா பறந்தே?"

டிரைவர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக சூர்யகலாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"காலையில சட்னியில உப்பு ஜாஸ்தின்னு சொன்னது ஒரு குத்தமா? அதுக்காகக் கட்டுன புருசனை ரெட்டியார்சத்திரம் வரைக்குமா வெரட்டிக்கிட்டு வருவே?"